இடிமேகம் வானத்தில் எழுப்பும் அலைகள்: ஹைவெல்ட் வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளி வரும் சமயத்தில் தென்னாப்பிரிக்காவின் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில், ஜோகன்னஸ்பர்க்கில், இடிமழைக் காலம் தொடங்கிவிடும். தைப்பூசக் காவடி எடுக்கும் ஜனவரி, பிப்ரவரி அதன் உச்சம். மார்ச் முடிய ஓயாது. காலையில் துடைத்துவிட்ட வானம், மதியம் மேகக் குவியல், நான்கு மணிக்கு இடி, ஆறு மணிக்கு மறுபடி வெயில். ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் மழை விட்டதும் அந்த மேகத்தின் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோமே, அது சரியல்ல. நீங்கள் துணியை மறுபடி கொடியில் போடும் நேரத்தில், அந்த மேகம் கிளப்பிய அலைகள் 80, 90 கிலோமீட்டர் உயரத்தை எட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் அவை போகும் தூரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். வானிலை அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரியும் வராது. ஆனாலும் மேல் வளிமண்டலத்தின் காற்றையும் வெப்பநிலையையும் தீர்மானிப்பதில் இந்த அலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இவை எப்படிப் பிறக்கின்றன, எந்தக் கோணத்தில் ஏறுகின்றன, எங்கே உடைகின்றன, வீட்டிலிருந்தபடியே இவற்றின் தடயத்தை எப்படித் தேடுவது என்பதையெல்லாம் வரிசையாகப் பார்ப்போம். பள்ளிக்கூட இயற்பியலும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

இவற்றின் பெயர் வளிமண்டல ஈர்ப்பு அலைகள். 2015இல் லைகோ கருவி பதிவுசெய்தது கருந்துளைகள் மோதியதால் வந்த அலை. அது வேறு சங்கதி. இவை காற்றில் ஓடும் அலைகள். புவியீர்ப்பு கீழே இழுக்க, மிதப்பு விசை மேலே தள்ள, அந்த இழுபறியில் ஓடுபவை. இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இடி ஓசையும் மின்னலும் இந்த அலைகளைக் கிளப்புவதில்லை. இடி என்பது ஒலி; காற்று நெருங்கி விலகுவதால் வருவது. நாம் பேசப்போகும் அலைகளின் ஒரு ஆட்டத்துக்கே பல நிமிடம் ஆகும். அவற்றுக்குக் காரணம் மேகத்துக்குள் ஏறி இறங்கும் காற்றும், அங்கே வெளிப்படும் வெப்பமும்.

படி 1: காற்று ஏன் ஆடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

தண்ணீர்த் தொட்டியில் வெறும் குடத்தை அமுக்கி, சட்டென்று கையை எடுங்கள். குடம் மேலே துள்ளும், கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். அது ஆடி அடங்குவதற்குள் சுற்றிலும் வளையங்கள் ஓடிவிடும். காற்றும் இப்படி ஆடக்கூடியதுதான், ஒரு நிபந்தனையோடு: அது நிலையான அடுக்காக இருக்க வேண்டும்.

ஈரம் நீர்த்துளியாக மாறாத ஒரு காற்றுப் பொட்டலத்தை 1 கிலோமீட்டர் மேலே தூக்கினால், அழுத்தம் குறைந்து அது விரிகிறது; விரிவதால் 9.8 டிகிரி குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றோ சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரிதான் குளிர்கிறது. ஆகவே தூக்கப்பட்ட பொட்டலம் சுற்றுப்புறத்தைவிடக் குளிராக, கனமாக இருக்கும். கீழே வரும். வரும் வேகத்தில் பழைய இடத்தைத் தாண்டிப்போகும். அங்கே அது சூடாக, லேசாக இருப்பதால் மறுபடி மேலே தள்ளப்படும். இந்த ஆட்டத்துக்கு ஒரு சொந்த வேகம் உண்டு. பின்லாந்தின் வில்ஹோ வைசாலா 1925இலும், பிரிட்டனின் டேவிட் பிரன்ட் 1927இலும் இதைக் கணக்கிட்டார்கள். அதனால்தான் இதற்குப் பிரன்ட்–வைசாலா அதிர்வெண் என்று பெயர்.

இதை நீங்களே கணக்கிடலாம். பிரிட்டோரியா அருகே ஐரீனிலிருந்து வானிலைத் துறை பலூன் விடுகிறது. அந்தப் பலூன் அளந்த வெப்பநிலைகள் வயோமிங் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வழி இதுதான்: நீங்கள் பார்க்கும் உயரத்தில், மேலே போகப் போக வெப்பநிலை கிலோமீட்டருக்கு எத்தனை டிகிரி மாறுகிறது என்று பாருங்கள். குறைந்தால் கழித்தல் குறி, கூடினால் கூட்டல் குறி. அதோடு 9.8ஐக் கூட்டி, மீட்டர் கணக்குக்கு வர 1000ஆல் வகுங்கள். வந்ததை ஈர்ப்பு முடுக்கமான 9.8ஆல் பெருக்கி, அந்த உயரத்தின் கெல்வின் வெப்பநிலையால் வகுங்கள். அதன் வர்க்கமூலம் எடுங்கள். கடைசியாக 6.28ஐ அதனால் வகுத்தால், ஒரு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று தெரியும்.

ஒரு எடுத்துக்காட்டு. இடிமேக அடுக்குக்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கின் அடிப்பகுதி, வெப்பநிலை 215 கெல்வின், மேலே போனாலும் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். 0.0098ஐ 9.8ஆல் பெருக்கி 215ஆல் வகுத்தால் 0.000447. வர்க்கமூலம் 0.0211. 6.28ஐ இதனால் வகுத்தால் ஏறத்தாழ 297 விநாடி, அதாவது 5 நிமிடம். இதே கணக்கைக் கீழ் அடுக்கில், 250 கெல்வினில், கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் காற்றுக்குப் போட்டால் 9 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். இடிமேகம் வாழும் கீழ் அடுக்கு மெதுவாக ஆடும், அதற்கு மேலே உள்ள அடுக்கு விறைப்பாக, இரண்டு மடங்கு வேகமாக ஆடும் என்பதை நினைவில் வையுங்கள். 5 நிமிடம் என்ற எண் இனி அடிக்கடி தேவைப்படும்.

இந்தச் சொந்த ஆட்டத்தைவிட வேகமாக எந்த ஈர்ப்பு அலையும் ஆட முடியாது. மெதுவாக ஆடுவதற்கும் ஒரு எல்லை உண்டு, அதைப் பூமியின் சுழற்சி வைக்கிறது. ஜோகன்னஸ்பர்க் இருக்கும் 26 பாகைத் தென் அட்சத்தில் அது ஒரு ஆட்டத்துக்கு 27 மணி நேரம் சொச்சம். இடிமேகம் கிளப்பும் அலைகளில் நம் கண்ணில் படுபவை பெரும்பாலும் வேகமான பக்கத்தில், சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும்.

படி 2: மேகத்துக்குள் இருக்கும் சூட்டைக் கணக்குப் போடுங்கள்

ஹைவெல்ட் ஏற்கெனவே உயரமான நிலம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் வாக்கில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் ஈரக் காற்று கிழக்கிலிருந்து ஏறி வருகிறது, கோடை வெயில் தரையைச் சுடுகிறது. காற்று எழும்புகிறது. ஓர் உயரத்தில் நீராவி நீர்த்துளியாக மாறும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது, கிலோவுக்கு 25 லட்சம் ஜூல்.

இந்த எண்ணின் கனத்தை உணர ஒரு சின்னக் கணக்கு. 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழுந்த தண்ணீர் 300 கோடி கிலோ. அது ஆவியிலிருந்து நீரானபோது வெளிவந்த வெப்பத்தைக் கேப் டவுன் அருகே உள்ள கூபர்க் அணுமின் நிலையத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் இரண்டு உலைகளும் சேர்ந்து தரும் மின்சாரம் 1,900 மெகாவாட்டை ஒட்டி வரும். அவை ஒன்றரை மாதம் இடைவிடாமல் ஓடித் தரும் ஆற்றல் அந்த ஒரே மழையில் வெளிப்படுகிறது. அதில் ஒரு சிறு பகுதிதான் அலையாகப் போகிறது. ஆனால் முதல் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது சிறு பகுதியே தாராளம்.

சூடான மேகக் காற்று சுற்றுப்புறத்தைவிட லேசாக இருப்பதால் தடையில்லாமல் ஏறும். வலுவான புயலில் ஏறு காற்று விநாடிக்கு 30 மீட்டரைத் தாண்டும். கோடையில் இங்கே 15, 16 கிலோமீட்டர் வாக்கில் ட்ரோபோபாஸ் எல்லை வருகிறது. அதற்கு மேலே விறைப்பான ஸ்ட்ராட்டோஸ்பியர். மேகம் அங்கே முட்டி, பக்கவாட்டில் தட்டையாகப் பரவுகிறது. தூரத்திலிருந்து நாம் பார்க்கும் அகன்ற மேகத்தலை அதுதான்.

படி 3: அலை பிறக்கும் மூன்று வழிகளையும் பிரித்துப் பாருங்கள்

ஆய்வாளர்கள் மூன்று வழிகளைச் சொல்கிறார்கள். ஒரே மேகத்தில் மூன்றும் கலந்து நடக்கும். எது முன்னே நிற்கும் என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது.

முதல் வழி, வெப்பத் துடிப்பு. மேகத்துக்குள் வெப்பம் சீராக வருவதில்லை. ஒரு கொத்து காற்று எழும், மழையாகும், தணியும். பக்கத்தில் இன்னொரு கொத்து எழும். இப்படி விட்டு விட்டு வரும் சூடு, சுற்றியுள்ள நிலையான காற்றை ஏற்றி இறக்குகிறது. சூடாகும் பகுதி எவ்வளவு ஆழமோ, அலையின் செங்குத்து அலைநீளம் ஏறத்தாழ அதன் இரண்டு மடங்கு. ஹைவெல்ட் மேகத்தில் அந்த ஆழம் 8, 10 கிலோமீட்டர் இருக்கும். அப்படியானால் 16 முதல் 20 கிலோமீட்டர் நீள அலை பிறக்கும். நீளமான அலைகள் வேகமாக ஏறும், அவ்வளவு சுலபமாக அழியாது. அதனால்தான் ஆழமான இடிமேகத்தின் அலைகள் மிக உயரம் போகின்றன. சாதாரணத் தூறல் மேகத்தால் அது முடியாது.

இரண்டாவது வழியில் குடம் நேராகவே வருகிறது. ஏறு காற்று ட்ரோபோபாஸில் நிற்க வேண்டும், ஆனால் வந்த வேகம் அதை நிற்க விடாது. 1, 2 கிலோமீட்டர் மேலே துருத்திக்கொண்டு போகும். அங்கே அது சுற்றுப்புறத்தைவிட மிகக் குளிர்ச்சி, மிகக் கனம். பொத்தென்று விழும். விழுந்து மறுபடி எழும். மேகத்தலையின் நடுவே இந்தக் குமிழ் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து அமிழும்போது, ஒவ்வொரு முறையும் ஸ்ட்ராட்டோஸ்பியரின் அடியில் ஓர் அடி விழுகிறது. வளையம் வளையமாக அலை கிளம்புவது இதில்தான் தெளிவாகத் தெரியும். எனக்கு இந்த மூன்றிலும் மிகவும் பிடித்தது இதுவே. மாலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்த செயற்கைக்கோள் படத்தில், குமிழின் நிழலும் அதைச் சுற்றி ஓடும் சுருக்கங்களும் அப்பட்டமாகத் தெரியும்.

மூன்றாவது வழியில் மேகம் ஒரு மலையாக நடந்துகொள்கிறது. மேல் மட்டத்தில் பலமான காற்று வீசும்போது, எழும்பி நிற்கும் மேகத்தூண் அதை வழிமறிக்கிறது. காற்று அதன்மேல் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் அலை பிறக்கிறது. அந்த அலை காற்றை எதிர்த்து ஓடும். அக்டோபர், நவம்பரில் மேற்குக் காற்றோட்டம் இன்னும் நம் தலைக்கு மேலே நெருங்கி வரும். அப்போது இந்த வழிக்கு வாய்ப்பு அதிகம். ஜனவரியில் மேல்காற்று தளர்ந்துவிடுவதால் முதல் இரண்டு வழிகள் முன்னே வரும், வளையங்களும் வட்டமாக இருக்கும்.

குவாசுலு-நாட்டால் பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிராக்கன்ஸ்பர்க் மலைகளும் ஈர்ப்பு அலைகளை உண்டாக்கும், முக்கியமாகக் குளிர்காலத்தில். மலையின் காற்றடங்கிய பக்கம் அசையாமல் நிற்கும் வில்லை வடிவ மேகம் அதற்கு அடையாளம். மலை நகராது, ஆகவே அந்த அலையும் தரையைப் பொறுத்து நின்ற இடத்தில் நிற்கும். இடிமேகத்தின் அலை ஓடிக்கொண்டே இருக்கும், வளைவாகவும் இருக்கும். பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து பார்ப்பவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பிரித்துவிடலாம்.

படி 4: கோணத்தையும் வளையத்தின் ஆரத்தையும் கணக்கிடுங்கள்

தண்ணீரின் மேல் வளையம் கிடைமட்டமாகத்தான் ஓடும். காற்றில் மேலேயும் இடம் இருக்கிறது. ஆகவே அலையின் ஆற்றல் சாய்வாக ஏறும். எவ்வளவு சாய்வு என்பதை முடிவுசெய்வது அலையின் ஆட்ட நேரம் ஒன்றுதான். அலைநீளத்துக்கு அதில் பங்கே இல்லை என்பது முதலில் நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

விதி இது: 5 நிமிடத்தை அலையின் ஆட்ட நேரத்தால் வகுங்கள். வரும் எண், செங்குத்துக் கோட்டிலிருந்து ஆற்றல் சாயும் கோணத்தின் கொசைன். 10 நிமிட அலைக்கு 5ஐ 10ஆல் வகுத்தால் 0.5, கோணம் 60 பாகை. வேகமாக ஆடும் அலை நெட்டுக்குத்தாக ஏறும், மெதுவாக ஆடுவது படுத்துக்கொண்டு வெகுதூரம் போகும்.

இப்போது 87 கிலோமீட்டர் உயரத்துக்குப் போவோம். அங்கே ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இரவில் மங்கலாக ஒளிர்கின்றன. இந்த வளியொளிர்வு அடுக்கு இயற்கையே விரித்து வைத்த திரை. அலை அதைக் கடக்கும்போது வெளிச்சமும் இருளுமாகப் பட்டைகள் தெரியும். மேகத்தின் உச்சி 15 கிலோமீட்டர் என்றால் இடைவெளி 72 கிலோமீட்டர். அதைக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கினால் வளையத்தின் ஆரம் கிடைக்கும். 10 நிமிட அலைக்கு 72 பெருக்கல் 1.73, ஏறத்தாழ 125 கிலோமீட்டர். 15 நிமிட அலைக்கு 200 கிலோமீட்டரை ஒட்டி வரும். 35 நிமிட அலைக்கு 500 கிலோமீட்டர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு நேர்கோட்டுத் தூரம் கிட்டத்தட்ட அதுதான். லெனேசியா மேகத்தின் அலை டர்பனின் சாட்ஸ்வொர்த் தலைக்கு மேலே போகும் என்று சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. நடுவில் காற்றே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. காற்று இருந்தால் வளையம் ஒரு பக்கம் இழுபட்டு நீள்வட்டமாகும்.

நேரத்தையும் பார்த்துவிடலாம். கிடைமட்ட அலைநீளம் 40 கிலோமீட்டர் என்றால், 10 நிமிட அலை அந்த 72 கிலோமீட்டரை ஏற முக்கால் மணி நேரம் எடுக்கும். 15 நிமிட அலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். டர்பன் வரை போகும் 35 நிமிட அலைக்கு, அலைநீளம் 100 கிலோமீட்டர் என்று வைத்தால், மூன்று மணி நேரம். மாலை ஆறு மணி இடிக்கு ஒன்பது மணி வானத்தில் தேட வேண்டும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆற்றல் மேலே ஏறும்போது அலையின் முகடுகள் கீழே இறங்குவதுபோலத் தெரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நகர்வதால் இப்படி ஆகிறது. 1950களில் மேல் வளிமண்டலத்தை அளந்தவர்கள், கீழிறங்கும் இந்த வடிவங்களைக் கண்டு குழம்பினார்கள். கீழேயிருந்து ஏறும் ஈர்ப்பு அலைகள்தான் அவை என்று இயற்பியலாளர் காலின் ஹைன்ஸ் 1960இல் விளக்கிய பிறகே இந்தத் துறை நிலைபெற்றது.

படி 5: மேலே ஏறும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்

காற்று மேலே போகப் போக மெலிகிறது. அலையின் ஆற்றல் அப்படியே இருக்க, சுமக்கும் காற்று குறைவதால் ஆட்டம் பெரிதாகிறது. 15 கிலோமீட்டரிலிருந்து 87 கிலோமீட்டருக்குள் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அலையின் வீச்சு அதன் வர்க்கமூல அளவில் கூடும், அதாவது 170 மடங்கு. மேகத்தின் உச்சியில் விநாடிக்குச் சில சென்டிமீட்டர் அசைவாக இருந்தது, மேலே பத்து மீட்டர் அளவுக்கு வந்துவிடும். நடைமுறையில் வழியில் இழப்பு இருப்பதால் முழுதாக 170 கிடைக்காது.

எல்லா அலையும் மேலே போய்ச் சேர்வதும் இல்லை. அலை ஓடும் திசையிலேயே, அதே வேகத்தில் காற்று வீசும் உயரம் ஒன்று வந்தால், அலை அங்கேயே சிக்கி அழியும். தெற்கு அரைக்கோளக் கோடையில் ஸ்ட்ராட்டோஸ்பியரில் கிழக்கிலிருந்து மேற்காகக் காற்று வீசுகிறது. ஆகவே மேற்கே, போட்ஸ்வானா பக்கம் கிளம்பும் அலைகளில் மெதுவானவை வழியிலேயே காணாமல் போகும். கிழக்கே கிளம்பியவை தப்பித்து ஏறும். ஹைவெல்ட் மேகத்தின் வளையத்தில் கிழக்குப் பாதி, எஸ்வாத்தினி, குவாசுலு-நாட்டால், இந்தியப் பெருங்கடல் பக்கம் இருக்கும் பாதி, திடமாக இருக்க வாய்ப்பு அதிகம். முழு வளையத்தைத் தேடி ஏமாறாமல், கிழக்கே ஒரு வளைவைத் தேடுங்கள்.

படி 6: அலை உடையும் இடங்கள்

வீச்சு கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கனமான காற்று லேசான காற்றின்மேல் வந்துவிடும். அப்போது அலை கவிழ்ந்து உடைகிறது. அது சுமந்து வந்த உந்தம் அங்கேயே இறங்குகிறது, அந்த உயரத்துக் காற்றைத் தள்ளுகிறது. 80, 90 கிலோமீட்டர் உயரத்துக் காற்றோட்டத்தை இந்தத் தள்ளுதான் பெரும்பாலும் ஓட்டுகிறது. வெயில் ஓயாத துருவக் கோடையில் அந்த உயரம் பூமியிலேயே மிகக் குளிரான இடமாக இருப்பதற்கு இதுவே காரணம். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் காற்று ஏறத்தாழ 28 மாதத்துக்கு ஒருமுறை திசை மாறி மாறி வீசுவதிலும் இந்த அலைகளுக்குப் பங்கு உண்டு. வானிலைக் கணினி மாதிரிகள் பலவற்றின் கட்டங்களைவிட இந்த அலைகள் சிறியவை. அதனால் மாதிரிகள் இவற்றை நேரடியாகப் பார்ப்பதற்குப் பதில் மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்கின்றன. இடிமேக அலைகளை அளப்பது ஏன் முக்கியம் என்றால் இதனால்தான்.

சில அலைகள் கீழேயே, மேகத்தலைக்குச் சற்று மேலே உடையும். தெளிந்த வானத்தில் பறக்கும் விமானம் இடிமேகத்துக்கு அருகில் திடீரென்று குலுங்குவதற்கு இது ஒரு காரணம். கடுமையான இடிமேகத்தை 20 மைல் தள்ளியே கடக்க வேண்டும் என்று விமானிகளுக்குச் சொல்வது வீணுக்கல்ல. புயல் ஆய்வாளர் டெட்சுயா ஃபுஜிட்டா மேகத்தலைக்கு மேலே கீற்று மேகங்கள் துள்ளி எழுவதைக் கவனித்து எழுதினார். அது அலை உடைவதால் ஆகிறது, அதன்வழி நீராவி ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் போகிறது என்று வளிமண்டல ஆய்வாளர் பாவ் வாங் 2003இல் கணினி மாதிரியால் காட்டினார்.

உடையாமல் தப்பியவை, இன்னும் உயரே மின்னேற்றம் பெற்ற காற்று உள்ள அயனி மண்டலத்தையும் எட்டும். 2013 மே 20 அன்று அமெரிக்காவின் மூர் நகரை டொர்னாடோ என்னும் சுழல்காற்று தாக்கியபோது, அந்த மண்டலத்தைக் கடந்து வரும் ஜி.பி.எஸ். சமிக்ஞைகளில் வட்ட வட்டமான அலைகள் பதிவாயின.

படி 7: நீங்களே தேடுங்கள்

கையில் இருக்கும் ஃபோனிலிருந்து தொடங்கலாம். பல ஃபோன்களில் காற்றழுத்த உணரி உண்டு. அழுத்தத்தைத் தொடர்ந்து பதிவுசெய்யும் ஒரு செயலியை நிறுவி, சில விநாடிகளுக்கு ஒருமுறை பதிவாகும்படி வையுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் சாதாரண அளவு 830 ஹெக்டோபாஸ்கல் வாக்கில் இருக்கும். செயலி 1,015 என்று காட்டினால் அது கடல் மட்டத்துக்கு மாற்றிய எண், மாற்றாத எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஃபோனை ஒரே இடத்தில் வைத்துவிட்டுத் தொடாதீர்கள். இங்கே 10 மீட்டர் ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் அதுவே 0.3 மாறிவிடும், நாம் தேடும் அலை சில சமயம் அந்த அளவுதான் இருக்கும்.

மேகத்திலிருந்து கொட்டும் குளிர்காற்று தரையில் பரவி வந்து சேரும்போது, அழுத்தம் 1, 2 ஹெக்டோபாஸ்கல் சட்டென்று தாவும். அது அலை அல்ல, குளிர்காற்றின் கனம். அதற்குப் பிறகு 5 முதல் 20 நிமிட இடைவெளியில் ஏற்ற இறக்கம் சில முறை வந்தால் அதைக் கவனியுங்கள். முன்னிரவில் தரை குளிர்ந்து நிலையான அடுக்கு உருவான பிறகு வரும் இடிமழையில் இது தெளிவாக இருக்கும், ஏனென்றால் அந்த அடுக்கு அலையைக் கீழேயே பிடித்து வெகுதூரம் ஓட்டும். நண்பர்கள் மூன்று பேர் லெனேசியா, சோவெட்டோ, மிட்ராண்ட் என்று மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் பதிவு செய்தால், அலை வந்த திசையையும் வேகத்தையும் கண்டுபிடித்துவிடலாம். ஃப்ரீ ஸ்டேட்டில் பொஷாஃப் அருகே, அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்கும் உலக வலையமைப்பின் தாழ்ஒலி (காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலி) நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கும் பல உணரிகளை விலக்கி வைத்து, அலை எட்டும் நேர வித்தியாசத்தை வைத்தே திசை காண்கிறார்கள்.

அடுத்து செயற்கைக்கோள். ஐரோப்பாவின் மீட்டியோசாட் நம் கண்டத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட புதிய தலைமுறைக் கோள் 10 நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது. அதை நடத்தும் யூமெட்சாட் அமைப்பின் இணையப் பார்வையகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மாலை நான்கு மணிக்கு மேல், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேகத்தலையின் நடுவே நிழல் விழும் குமிழைத் தேடுங்கள். அகச்சிவப்புப் படத்தில் அதே இடம் மிகக் குளிராக இருந்தால் அது துருத்திய உச்சிதான். பிறகு நீராவிப் படத்துக்கு மாறி, மேகத்துக்கு வெளியே மெல்லிய வரிகள் விலகிப் போகின்றனவா என்று அசைவாக ஓட்டிப் பாருங்கள். ஒற்றைப் படத்தில் பெரும்பாலும் பிடிபடாது.

வளியொளிர்வில் பார்க்க, 2011இல் ஏவப்பட்ட சுவோமி செயற்கைக்கோளின் இரவுப் படங்கள் வேண்டும். அது நள்ளிரவு தாண்டி 1:30 வாக்கில் நம்மைக் கடக்கும். நாசாவின் வேர்ல்ட்வியூ பக்கத்தில் அந்தப் படங்கள் கிடைக்கும். நிலா இருந்தால் எதுவும் தெரியாது. வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் சில நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஹௌடெங் மாகாணத்தின் ஊர் வெளிச்சம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், அங்கே தேடுவதில் பயனில்லை. கலஹாரியின் இருட்டிலும் கடலுக்கு மேலேயும் தேடுங்கள். இடிமேகம் இரவு பத்து, பதினொன்று வரை நீடித்த நாளாக இருக்க வேண்டும்; நான்கு மணிக்கே முடிந்த மழையின் அலை ஒன்றரை மணிக்குள் கலைந்துபோயிருக்கும்.

கேமரா வைத்திருப்பவர்கள் கரூவுக்குப் போகலாம். சதர்லாண்டின் இருட்டு வானம் பெயர் பெற்றது, அங்கே தேசிய வானியல் நிலையத்தோடு சான்சா விண்வெளி நிறுவனத்தின் ஒளியியல் ஆய்வுக்கூடமும் இருக்கிறது. அங்கிருந்துதான் 2016 ஜனவரியில், தொலைவில் இருந்த இடிமேகங்களுக்கு மேலே தோன்றிய செந்நிற மின்பொறிகளைப் படம்பிடித்தார்கள். அகல வில்லை, ஐ.எஸ்.ஓ. 3,200க்கு மேல், 20 முதல் 30 விநாடி திறப்பு, முக்காலி. பல மணி நேரம் தொடர்ந்து எடுத்து வேகமாக ஓட்டிப் பார்த்தால், பச்சை நிறப் பட்டைகள் நகர்வது தெரியும். அந்தப் பச்சை, 97 கிலோமீட்டர் வாக்கில் ஆக்சிஜன் அணுக்கள் தருவது. பட்டைகள் வளைவாக இருந்தால், வளைவின் மையம் எங்கே விழும் என்று வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் சில மணி நேரம் முன்பு இடிமேகம் இருந்ததா என்று மீட்டியோசாட் படத்தில் சரிபார்க்கலாம். 2023 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ஏ.டபிள்யூ.இ. என்ற நாசாவின் கருவியும் வளியொளிர்வில்தான் இந்த அலைகளைப் பார்க்க அமைந்தது. 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி கிளப்பிய வளைவுகளை அது பதிவுசெய்தது.

நேரத்தைக் குறிப்பதில் கவனம் வேண்டும். செயற்கைக்கோள் படங்கள் எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் கடிகாரம் அதைவிட 2 மணி நேரம் முன்னே. நம் 1:30 மணி அங்கே முந்தைய நாள் 23:30. வேர்ல்ட்வியூவில் படம் பெரும்பாலும் முந்தைய தேதியின் கீழ் இருக்கும். கோள் சற்றுத் தாமதமாகக் கடந்த இரவில் அதே தேதிக்குத் தள்ளிப்போகும். இரண்டு தேதியையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் அலை இல்லை என்று எழுத வேண்டும். ஃபோன் பதிவு, மேகத்தின் இடம், ஐரீன் பலூனில் நீங்கள் கணக்கிட்ட ஆட்ட நேரம் ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில், ஒரே பொது நேரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த புயலுக்கு ஒப்பிட அதுவே கையில் இருக்கும்.